குகன் கொண்டுவந்த மீன்

அன்புள்ள சார்,

மும்பை செம்பூரில் இருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டி ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மாமா கம்பராமாயணம் சொல்கிறார். வங்கியில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஏகாதசி உபவாசம் தவறாது. நன்றாகவே சொல்வார். நடுநடுவே இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஒழுக்கம், பெண்களின் உடை என்று அறிவுரையும் வரும்.

அதே பில்டிங்கில் மூன்றாவது மாடியில் அப்பா வாங்கிப்போட்ட ஃப்ளாட் ஒன்று இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் அவள் கணவருக்கும் வாடகைக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தோம். அவர்களும் தமிழர்கள்தான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். மாமாதான் சொசைட்டி செகரட்டரி. அவர்கள் தமிழில் பேசியதும் சந்தோஷமாக உட்காரவைத்து காபி கொடுத்தார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். தாராவி நைன்டி ஃபீட் ரோடு என்றதும் குரல் மாறிவிட்டது. "மீன் வாசனை வந்தா மத்தவா கம்ப்ளெய்ண்ட் பண்ணுவா. என்ஓசி கஷ்டம்" என்றார். சொசைட்டியின் தடையில்லாச் சான்று கிடைக்காது என்று அர்த்தம்.

அந்தச் சனிக்கிழமையே அவர் 'குகனொடும் ஐவரானேம்' சொல்லிக் கண்கலங்கினார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். சண்டை எதற்கு என்று அப்பா சொன்னதால் ஃப்ளாட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

பக்தி என்பதே வேஷம்தானா சார்? இவர் வாயால் இனி ராமாயணம் கேட்கலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமா அந்தக் குகன் கதையில் மீனை என்ன செய்தார்? எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

கம்பனில் குகன் வெறுங்கையோடு வருவதில்லை. தேனும் மீனும் கொண்டுவருகிறான். உங்களுக்காகப் பக்குவமாக்கிக் கொண்டுவந்தேன், திருவுளம் என்ன என்று கேட்கிறான். அங்கே ராமனைச் சுற்றி வயதான முனிவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ராமன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். பிறகு குகனிடம், அன்போடு கொண்டுவந்தது அமுதத்தைவிட உயர்ந்தது, இது பவித்திரம், நாங்கள் சாப்பிட்ட மாதிரிதான் என்கிறான். அவன் சாப்பிடவில்லை. ஆனால் மீனைக் கொண்டுவந்தவன் முகம் வாடாமல் பார்த்துக்கொள்கிறான். அந்த முனிவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, கம்பன் அதைச் சும்மா வைக்கவில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும். என்ஓசி கமிட்டியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

இன்னொன்று. 'குகனொடும் ஐவரானேம்' என்ற வரியை ராமன் குகனிடம் சொல்லவில்லை. யுத்த காண்டத்தில் விபீடணனிடம் சொல்கிறான். குகனோடு ஐந்து பேர் ஆனோம், சுக்ரீவனோடு ஆறு, உன்னோடு ஏழு. அந்தப் படலத்தின் பெயரே அடைக்கலப் படலம். தங்க இடம் கேட்டு எதிரி வீட்டிலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான். உள்ளே விடலாமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். சுக்ரீவன் வேண்டாம் என்கிறான். ஆள் யார், எங்கிருந்து வருகிறான், நாளைக்குத் தொந்தரவு வந்தால் என்ன செய்வது என்று அசல் சொசைட்டி மீட்டிங்தான். அனுமன் ஒருவன்தான் எழுந்து வந்தவனுக்காகப் பேசுகிறான். அதற்குப் பிறகு வரும் வரிக்குத்தான் உங்கள் மாமா கண்கலங்கியிருக்கிறார்.

அந்தக் கண்ணீர் பொய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிஜமாகவே அழுதிருப்பார். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 1973இல் வெளியானது. பாதிரியார் ஆகப் படிக்கும் மாணவர்கள் 40 பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடப்பவனைக் குருவும் கோயில் ஊழியம் செய்யும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போவார்கள், வேற்று இனத்தான் ஒருவன் நின்று காயத்துக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுவான். மாணவர்கள் போகிற சந்தில் ஒரு ஆளை வாசற்படியில் சுருண்டு இருமிக்கொண்டு கிடக்கச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரமாகிவிட்டது ஓடு என்று அவசரப்படுத்தி அனுப்பியவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று அனுப்பியவர்களில் 63 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர், வேறு எதையோ பேசப் போனவர் என்பதால் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் ஏதும் வரவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போன சிலர் கிடந்தவனைத் தாண்டிக் கால் வைத்தே போயிருக்கிறார்கள்.

அவசரம் என்பது அந்தப் பையன்களுக்குச் சொல்லத் தகுந்த சமாதானம். உங்கள் மாமாவுக்கு என்ன அவசரம், ரிட்டயர் ஆனவர். ஆனால் ஒரு விஷயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நல்லதைப் பற்றிப் பேசத் தயாராகும்போதே மனசுக்கு நல்லது செய்த திருப்தி வந்துவிடுகிறது. குகனுக்காக ஒரு மணி நேரம் உருகியாகிவிட்டது, கணக்கு நேராகிவிட்டது. அதற்கப்புறம் தாராவிப் பெண்ணைப் பார்க்கும்போது அவருக்குக் குகன் ஞாபகம் வரமாட்டான். குகன் கங்கைக் கரையில் இருக்கிறவன். இவள் மூன்றாவது மாடிக்கு வர இருப்பவள்.

சொன்னபடி முழுக்க நடக்காத எல்லோரையும் வேஷதாரி என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பார்த்தால் உயர்ந்த விஷயம் எதையும் யாரும் வாய்திறந்து பேச முடியாது. கோபப்படாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு மறுநாள் தானே கத்துகிற அப்பா வேஷதாரி இல்லை, தோற்றுப்போனவர், அவ்வளவுதான். அறிவுரையால் தனக்கு மரியாதையும் அடுத்தவனுக்குத் தண்டனையும் என்று பிரித்துக்கொள்கிற ஆள்தான் எனக்குக் கசக்கும். ஜில்லியன் ஜோர்டன் என்ற உளவியலாளரும் வேறு சில ஆய்வாளர்களும் 2017இல் இதைச் சோதித்து எழுதினார்கள். நான் அப்படிச் செய்வதில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்பவரைவிட, அப்படிச் செய்பவர்களைத் திட்டுபவரைத்தான் மக்கள் யோக்கியர் என்று அதிகம் நம்பினார்களாம். திட்டுவதற்குச் செலவு கிடையாது, வரவு நிறைய. உங்கள் மாமா பெண்களின் உடையைப் பற்றிப் பேசுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? அவருக்குப் புடவை கட்ட வேண்டிய அவசியம் இல்லையே. ஆனால் தானும் சில சமயம் அந்தத் தப்பைச் செய்வதுண்டு என்று ஒப்புக்கொண்டு திட்டியவரிடம் யாருக்கும் அவ்வளவு கோபம் வரவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. உங்கள் மாமா இந்த ஊரில் எத்தனை வருஷம் இருக்கிறார் என்று தெரியாது. 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு இங்கே தென்னிந்தியர்கள் பட்டதை அந்தத் தலைமுறை மறந்திருக்க முடியாது. 'ஹடாவ் லுங்கி, பஜாவ் புங்கி' என்று தெருவில் கத்திக்கொண்டு போவார்கள், லுங்கிக்காரர்களை விரட்டு என்று அர்த்தம். என் அப்பா மாட்டுங்காவில் ஸ்டெனோ. வீட்டுக்குள் வேட்டி, பால் வாங்க ஐம்பதடி தூரம் போவதற்குப் பேண்ட். காலை ஐந்தரை மணிக்கு, இருட்டில், ஒரு காலைத் தூக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பேண்ட் மாட்டுவார். சாம்பார் வாசனை என்று அவருக்கு வீடு மறுத்த இடம் உண்டு. அந்தக் கதையைக் கடைசி வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஒரே மொழி, ஒரே ரயிலில் வந்தவர்கள். சாம்பார் வாசனைக்கு வீடு கிடைக்காதவர்களின் பிள்ளைகள் மீன் வாசனைக்கு வீடு இல்லை என்கிறார்கள். மீன் என்பதும் ஒரு சாக்குதான், அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பெண் சைவம் என்று சொல்லியிருந்தால் தண்ணீர்ப் பிரச்சினை என்று ஏதாவது வந்திருக்கும்.

பக்தியே வேஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். பண்டரிபுரத்தைப் பாருங்கள், நம் ஊரிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். பதினான்காம் நூற்றாண்டில் சோக்காமேளா என்ற, தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட மகர் சாதி அடியார் விட்டலனைப் பாடினார். உள்ளே விடவில்லை. கோயிலின் பெரிய வாசலுக்கு எதிரே அவர் சமாதி இருக்கிறது. பிறகு சுமார் அறுநூறு வருஷம், அவருடைய அபங்கங்களைப் பக்தர்கள் பாடினார்கள், அவருடைய சாதிக்காரர்கள் வெளியே நின்றார்கள். பாடியவர்கள் யாருக்கும் தொண்டை அடைக்காமல் இருந்திருக்காது. அப்புறம் 1947 மே மாதம் சானே குருஜி என்ற காந்தியவாதி எழுத்தாளர் அந்தக் கோயிலைத் தலித்துகளுக்குத் திறக்கச் சொல்லி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கதவு திறந்தது. அவர் நாத்திகர் இல்லை, அதே விட்டலனை நம்பியவர்தான். அவரும் பக்தர், அறுநூறு வருஷம் கதவைச் சாத்தி வைத்தவர்களும் பக்தர்கள். உங்கள் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான்.

மாமாவிடம் ராமாயணம் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். கம்பன் அவர் சொத்து இல்லை. அடுத்த முறை குகப் படலம் வரும்போது, "மாமா, அந்த மீன் பாட்டையும் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். சபையில் மரியாதையாகத்தான் கேளுங்கள், வயசானவர்.

சரி, உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்த இடம் ஒன்று உண்டு. 'சண்டை எதற்கு என்று அப்பா சொன்னதால்.' ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஃப்ளாட் உங்களுடையது. மகாராஷ்டிரத்து சொசைட்டிகளுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி வாடகைக்கு விட முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை, தகவல் கொடுத்தால் போதும். மாமா 'என்ஓசி கஷ்டம்' என்றது பூச்சாண்டி. உங்களை வேஷதாரி என்று சொல்லவில்லை, நீங்கள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. நீங்கள் பயந்தீர்கள், அதற்குப் பெயர் வேறு. ஆனால் வீடு கிடைக்காமல் போன அந்தப் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் எந்த அளவுக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். ஆபீசில் தினம் பார்க்கிறீர்கள் அல்லவா? என்ன காரணம் சொன்னீர்கள் அவளிடம்?

கேட்பதற்கு எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டு வேலைக்கு ஒரு மௌஷி (மராத்தியில் சித்தி) இருபது வருஷமாக வருகிறார். அவருக்குச் சாயா கொடுக்கத் தனி ஸ்டீல் டம்ளர், விளிம்பு நெளிந்தது. பால்கனியில் வாஷிங் மெஷின் மேல், சோப்புப் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மா ஏற்பாடு. அம்மா போன பிறகு இரண்டு வருஷம் நான்தான் சாயா போட்டேன். அந்த டம்ளரை எடுத்து, அதில் ஊற்றிக் கொடுத்து, அதே இடத்தில் கவிழ்த்தும் வைத்தேன். அந்த இரண்டு வருஷத்தில் சாதியைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் இதே தளத்தில் இருக்கின்றன, காரமாகவே இருக்கும்.

ஒருநாள் அதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் பீங்கான் கப் ஒன்றில் சாயா ஊற்றி நீட்டினேன். மௌஷி கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து பால்கனிக்குப் போய் அந்த டம்ளரை எடுத்துவந்து, சாயாவை அதில் மாற்றிக்கொண்டார். டம்ளர் பாதிதான் நிறைந்தது. "பாருங்க காகா, அந்தக் கப்புல கொஞ்சந்தான் பிடிக்கும்" என்று மராத்தியில் சொல்லிவிட்டு, மீதியையும் ஊற்றும்படி டம்ளரை நீட்டினார்.

அன்புடன்.