சொந்த காரை ரேஸ் டிராக்கில் ஓட்டலாமா?

கேள்வி: ஐந்து வருஷமாக ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். ராத்திரியில் உத்தங்குடி – கப்பலூர் ரிங் ரோட்டில் 140 வரை தொட்டிருக்கிறேன். வீட்டில் தெரிந்து பெரிய சண்டை. ஒரு நாளாவது டிராக்கில் ஓட்டிவிட ஆசை. ரீமேப் (இன்ஜின் கணினியை மாற்றியமைத்துச் சக்தியைக் கூட்டுவது), ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். செய்துவிட்டுப் போகட்டுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த அறுபதாயிரத்தை இப்போது தொடாதீர்கள், தம்பி. ரிங் ரோட்டு விஷயத்தில் வீட்டார் பக்கம்தான் நியாயம். பின்விளக்கு இல்லாத டிராக்டர் ஒன்று போதும். சாலையில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி தனிக் குற்றமும்கூட.

கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற டிராக் இருக்கிறது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், அங்கே வேகம் கூடுதல், தப்பு செய்தால் அடியும் கூடுதல். முதல் தடவைக்குக் கரியே சரி. பந்தய நாளில் அல்ல, பயிற்றுநரோடு சொந்த வண்டி ஓட்ட அனுமதிக்கும் நாளில் பதிவு செய்யுங்கள்.

டிராக்கின் சுகம் நேர்ப்பாதையில் இல்லை. அங்கே ஆக்சிலரேட்டரை யாரும் மிதிக்கலாம். வளைவுக்கு முன் எங்கே பிரேக் பிடிக்கிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்பதில்தான் உடம்பு சிலிர்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அவ்வளவும் சூடாக மாறி டிஸ்க்கில் ஏறுகிறது. ரீமேப் செய்த ஸ்விஃப்ட் வளைவுக்கு இன்னும் வேகமாக வந்து சேரும். நிற்க வைப்பதோ அதே பழைய பிரேக்.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறியது 155-லேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். சீல் உடைக்காத டப்பா வாங்கி, நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறும்வரை ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

தலை முழுக்க மூடும் ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. கால்மிதி, தண்ணீர் பாட்டில், ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பெட்ரோல் அரை டேங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் இருமும். சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும்.

ஓட்டும்போது, வண்டி நேராக இருக்கையிலேயே பிரேக்கை முடித்துவிட்டுத் திருப்புங்கள். முன்சக்கர இழுவை வண்டி என்பதால், வேகமாக நுழைந்தால் திருப்பினாலும் நேரே போகும். பதறி ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதைச் சற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை மெல்லக் குறையுங்கள். சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னே சாய்ந்து வால் சுழலும். சுழன்றேவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுக்க மிதித்துவிடுங்கள். மஞ்சள் கொடி தெரிந்தால் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் மெதுவாகப் பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டிகள் நிற்கும் இடம்) திரும்ப வேண்டும்.

நான்கைந்து சுற்று போதும். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஆறவிட்டு வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு. சுவரில் உரசினால் முழுச் செலவும் உங்கள் பையிலிருந்துதான். அறுபதாயிரத்தை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

டயர் காற்றையும் கவனியுங்கள். சூட்டில் அழுத்தம் ஏறிப் பிடிப்பு குறையும் என்பதால் இடையில் கொஞ்சம் இறக்குவார்கள். ஆறியதும் அது ரொம்பக் குறைந்திருக்கும். மறுபடி நிரப்பாமல் பல்லடம், தாராபுரம் வழியாக மதுரைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.