ஒரு சின்ன டீசல் எஞ்சினுக்கு இத்தனை உழைப்பா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கிலாந்தில் தொண்டர்கள் பழைய எஞ்சின்களை ஓட்டிக் காப்பாற்றும் பாரம்பரிய ரயில் பாதைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நீராவி எஞ்சின்களைப் பற்றிய பகுதி மிகவும் பிடித்திருந்தது. ஆனால் யார்க்‌ஷயரில் ஒரு கொட்டகையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் கூடி, ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஓடிய 48 குதிரைத்திறன் டீசல் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். கோவையில் பம்ப் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நீராவி எஞ்சின் ஓடுவதைப் பார்க்கவே கூட்டம் வரும், அது புரிகிறது. இந்த டீசல் டப்பாவில் என்ன இருக்கிறது? எங்கள் ஊராக இருந்தால் எப்போதோ எடைக்குப் போட்டிருப்போம். அந்த நேரத்தில் பிள்ளைகள் பிழைப்புக்கு உதவும் தொழில் எதையாவது கற்றிருக்கலாமே?

இன்னொன்று. எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று கிடக்கிறது. அடுத்த ஏலத்தில் போய்விடும். உங்கள் கட்டுரைக்குப் பிறகு அதைக் கடந்து போகும்போதெல்லாம் உறுத்துகிறது. அதை என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டதையே அந்த நாட்டு ரயில் ஆர்வலர்களும் ஒரு காலத்தில் கேட்டார்கள். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரும்பாதைகளில் நீராவி ஓய்ந்தபோது, அதைத் துரத்திய குற்றவாளியாகவே பலர் டீசலைப் பார்த்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொண்டர்கள் நடத்தும் ரயிலின் வரலாற்றில் டீசல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. அது தொடக்கத்திலேயே இருந்தது.

லீட்ஸ் நகரின் மிடில்டன் ரயில் பாதைக்கு 1758இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட பாதை அது. முதலில் குதிரைகள் இழுத்தன. 1812இல் பொறியாளர் மேத்யூ மர்ரி கட்டிய நீராவி எஞ்சின்கள் அங்கே வணிக முறையில் ஓடத் தொடங்கின. அத்தனை பழைய பாதை மூடப்படவிருந்த நிலையில், லீட்ஸ் பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களுக்குத் தலைமை தாங்கிய விரிவுரையாளர் ஃப்ரெட் யூலும் அதைக் கையில் எடுத்தார்கள். 1960 ஜூன் மாதம், சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஓட்டிய முதல் ஸ்டாண்டர்ட் கேஜ் ரயில் அங்கே ஓடியது. (ஸ்டாண்டர்ட் கேஜ் என்பது அவர்களுடைய வழக்கமான தண்டவாள அகலம், நம் பிராட்கேஜைவிட அது குறுகியது. வேல்ஸின் டாலிலின் பாதை 1951இலேயே தொண்டர்கள் கைக்கு வந்துவிட்டது, ஆனால் அது அதைவிடவும் குறுகிய குறும்பாதை.) இழுத்தது எது தெரியுமா? பக்கத்திலேயே இருந்த ஹன்ஸ்லெட் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வாடகைக்கு வாங்கிய, 1930களின் தொடக்கத்தில் கட்டிய ஒரு சிறு டீசல் எஞ்சின். பின்னால் கோத்திருந்தது ஸ்வான்சியிலிருந்து வந்த இரட்டைமாடி டிராம் பெட்டி. ஒரு வாரம் மட்டும் பயணிகளை ஏற்றினார்கள். பிறகு பல ஆண்டுகள் அதே மாணவர்களும் அவர்களுடைய நண்பர்களும் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளின் சரக்கை இழுத்துப் பாதையைக் காப்பாற்றினார்கள். அந்தச் சரக்குப் போக்குவரத்து 1983 வரை நடந்தது.

இளைஞர்களுக்கு ஏன் சின்ன டீசலே பொருத்தம் என்பதுதான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது.

நீராவி எஞ்சினில் கொதிகலன் இருக்கிறது. அங்கே பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, குழாய்களை உருவி, உள்ளும் புறமும் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். செலவு லட்சக்கணக்கான பவுண்டுகளைத் தொடும். அந்த வேலையில் பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுப்பார்கள்? துரு சுரண்டவும் சாம்பல் அள்ளவும் பித்தளை துலக்கவும் சொல்வார்கள். நல்ல வேலைகள்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தீர்மானிக்கும் வேலை எதுவும் அந்தக் கைக்கு வராது. ஏழரை டன் டீசல் எஞ்சினில் அப்படியில்லை. மேல்மூடியைக் கழற்றினால் எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், அங்கிருந்து அச்சுக்குப் போகும் சங்கிலி என்று எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. முழு இயந்திரமும் ஓர் இளைஞரின் தலைக்குள் அடங்குகிறது. எது கெட்டது, எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று அவரே சொல்லலாம். சொன்னது சரியா என்பதைச் சில மாதங்களில் எஞ்சினே காட்டிவிடும்.

நான் அந்தக் கொட்டகைக்குப் போன அன்று ஒரு பெண் வால்வு கிரைண்டிங் செய்துகொண்டிருந்தாள், அதாவது வால்வு கசியாமல் அமரும்படி அதன் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிலிண்டர் ஹெட்டைப் பலகைமேல் கவிழ்த்து, வால்வின் விளிம்பில் தேய்ப்புப் பசையை மெல்லியதாகத் தடவி, வால்வைப் பிடித்திருக்கும் குச்சியை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னும் உருட்டினாள். நாலைந்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் சுற்றுத் திருப்பி வைத்தாள். துடைத்துப் பார்த்தபோது சாம்பல் நிறத்தில் மங்கலான ஒரு வளையம் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் நூலளவு விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் எழுபதைத் தாண்டியவர், பஸ் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவள் வால்வைப் பொருத்தி, அந்த வால்வு மூடும் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். மெல்லக் கசிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பசை டப்பாவைத் திறந்தாள். அவர் அதன் பிறகுதான் பேசினார்: குச்சியை அவ்வளவு அழுத்தாதே என்று மட்டும் சொன்னார்.

இதை எந்தக் கையேட்டிலும் படிக்கலாம். எவ்வளவு அழுத்துவது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்தப் பெரியவரின் தலைமுறை போய்விட்டால், மீட்கப்பட்ட எஞ்சின் இருக்கும், அதைத் திறக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார். பாரம்பரிய ரயில் பாதைகளை உருவாக்கியவர்களில் பலர் மாணவப் பருவத்தில் வந்தவர்கள். இன்று அவர்களுக்கு எண்பது வயது. என் கவலையெல்லாம் அங்கேதான்.

நட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் ரசிப்பீர்கள். இந்த எஞ்சின்களில் இருப்பவை விட்வொர்த் நட்டுகள். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அளவு, மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. நட்டின் வெளி அளவும் வேறு, மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி இழுத்தால் நட்டின் மூலை மழுங்கிவிடும். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரமே இதைக் கற்கிறார்கள். நீங்கள் பம்பில் குழாய் மாட்டும் பி.எஸ்.பி. மரைக்கும் அதே 55 டிகிரிதான். லிங்கன் நகரத்து ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பி கட்டிய அந்தக் கொட்டகை எஞ்சினும், நம் கிணற்றடிகளில் நீர் இறைத்த ரஸ்டன் எஞ்சின்களும் ஒரே பெயரைச் சுமந்தவை. ஆகவே "எங்கள் ஊர்", "அவர்கள் ஊர்" என்று நீங்கள் கோடு கிழிக்கும் இடம் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

இதில் ஒரு பெரிய தடையும் இருக்கிறது. பிரிட்டனில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொழில் நிறுவனங்களில் சிறார்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. ரயில்வேயும் அந்தப் பட்டியலில் வருகிறது. சுரங்கத்திலும் ஆலையிலும் குழந்தைகள் நசுங்கிய காலத்தின் நல்ல சட்டம். ஆனால் சம்பளமில்லாமல், பெற்றோர் ஒப்புதலோடு, பெரியவர் கண்காணிப்பில் சனிக்கிழமை வரும் பிள்ளையையும் அது தடுக்கக்கூடும் என்ற அச்சத்தில் பல பாதைகள் பதினாறுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதில்லை. 2018இல் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சி உறுப்பினர் குழு ஒன்று இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. பன்னிரண்டு வயதில் ஆர்வம் பற்றிக்கொள்ளும் பிள்ளையை நாலு ஆண்டு வாசலில் நிறுத்தினால் அது வேறு பக்கம் போய்விடும். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், விதிகள் வேண்டும்தான். ஆனால் எண்ணெய்க் கையை அறியாத பதினாறு வயதை உருவாக்கும் விதி எனக்கு ஏற்புடையது அல்ல.

பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பொறியியலுக்குப் போவார்கள், சிலர் போக மாட்டார்கள். அதை வைத்து நான் இந்த உழைப்பை நியாயப்படுத்தப் போவதில்லை. பாட்டு கற்கும் பிள்ளையிடம் கச்சேரி கிடைக்குமா என்று முதல் நாளே கேட்பது முறையா?

பயனே இல்லை என்பதும் சரியல்ல. நீராவி எஞ்சினை விடிகாலையில் மூட்டினால்தான் காலை ரயிலுக்குத் தயாராகும். அதற்குள் பெட்டிகளை நகர்த்திக் கோப்பதும், ஜல்லி வண்டியை இழுப்பதும், நடுவழியில் நின்றுபோன நீராவி எஞ்சினை இழுத்துவருவதும் இந்தச் சிறியவைதான்.

ஓர் இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்து, கொட்டகைக்கு வெளியே மழையில் விடும் சங்கங்களும் உண்டு. ஒரே வகை எஞ்சின் வரிசையாக நின்று துருப்பிடிப்பதைவிட, அதில் ஒன்றை உதிரிப் பாகமாக்கி இன்னொன்றை ஓட வைப்பது நேர்மையான வேலை. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது.

ஆனால் தொழிற்சாலை எஞ்சின்களில் சிலவாவது பிழைத்தே ஆக வேண்டும். எரிவாயு ஆலை, மதுவடிப்பாலை, காகித ஆலை, கல்குவாரி என்று ஆயிரக்கணக்கில் உழைத்தவை இவை. விரைவு ரயிலை இழுத்த எஞ்சினுக்குப் பெயரும் புகழும் படங்களும் உண்டு. ஆலைச் சுவருக்குள் நாள் முழுவதும் முன்னும் பின்னும் போன எஞ்சினையும், அதை ஓட்டியவரையும் அதிகம் பேர் படமெடுக்கவில்லை. 1960களின் இறுதியில் மான்செஸ்டர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியரும் மாணவர்களும் இப்படிப்பட்ட குறும்பாதை எஞ்சின்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்று ஸ்டாஃபர்ட்‌ஷயரின் ஏப்டேலில் மோஸ்லி ரயில்வே அறக்கட்டளையாக வளர்ந்து நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளால் தாங்க முடிந்த விலையும் எடையும் இந்த எஞ்சின்களுக்குத்தான் இருந்தது.

இனி உங்கள் ஆயில் எஞ்சின். ஏலத் தேதிக்கு முன் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எடை விலைக்கே தரச் சம்மதிக்கலாம். கிடைத்ததும் சுழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். பிஸ்டன் இறுகியிருந்தால் கம்பி போட்டு நெம்பாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு நட்டுக்கும் சீட்டு எழுதிக் கட்டுங்கள். உங்கள் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவராவது இருப்பார், அவர் வீட்டுக்குப் போய் அழைத்து வாருங்கள். கூடவே உங்கள் தெருவின் பாலிடெக்னிக் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியில் தயாரிப்பு எண் தகடு இருக்கும். சுரண்டாமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். எந்த வகை எஞ்சின் என்று தெரிந்தால் கையேடு தேட நான் உதவுகிறேன்.

அன்புடன்.