ஓரத்தில் இருந்த பெயர்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் ஆட்களுக்காக ஒரு ஃபேஸ்புக் பக்கம் நடத்துகிறேன். செய்தித்தாளில் வரும் நம் ஊர்ச் செய்திகள், காவடிப் படங்களை எடுத்து முழுசாகப் போடுவேன். காசு வாங்குவதில்லை. 'நன்றி' என்று பத்திரிகைப் பெயரும் போடுகிறேன். படமெடுத்தவர் பெயர் ஓரத்தில் அசிங்கமாகத் தெரிவதால் அக்கா மகன் (14 வயது) அதை வெட்டித் தருவான். இப்போது ஒரு புகைப்படக்காரர் படத்தை நீக்கு என்று மிரட்டுகிறார். இது ஃபேர் யூஸ்தானே, அம்மா?

பதில்: காசு வாங்கவில்லை, நன்றி போட்டேன். இதே பாட்டை எத்தனை பேர் எனக்கு எழுதிவிட்டார்கள்! 'நன்றி: கூகுள்' என்று போட்ட ஒருவரைவிட நீங்கள் பரவாயில்லை, அவ்வளவுதான்.

ஃபேர் யூஸ் அமெரிக்கச் சட்டத்தின் சொல், தம்பி. இங்கே தென்னாப்பிரிக்காவில் நமக்கு இருப்பது 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம், அதில் 12-ஆம் பிரிவு, அதன் பெயர் ஃபேர் டீலிங். விமர்சனத்துக்கோ நடப்புச் செய்தியைச் சொல்லவோ பிறர் எழுத்தையும் படத்தையும் அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது. ஆனால் பத்திரிகையில் அப்படி எடுத்தாளும்போது எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், படைப்பின் மேல் ஆக்கியவர் பெயர் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும் என்று அதே பிரிவில் நிபந்தனையும் இருக்கிறது. முழுசாகத் தூக்கிப் போடுவதே நியாயத்தில் சேராது. அதற்கு மேல், சட்டம் சொல்லச் சொன்ன பெயரையே தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறீர்கள்.

அதுவும் யார் கையால்? அக்கா மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தானே உட்கார்ந்திருப்பான்? அந்த மாமன் இப்போது ஊருக்கே காது குத்த அவனுக்குச் சொல்லித் தருகிறார். எனக்குக் கோபம் பதிப்புரிமையைப் பற்றிக்கூட இல்லை, இதைப் பற்றித்தான். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கிய நம் முன்னோருக்கு ஒரு எண்ணும், வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயரும்தான் மிச்சம். அந்தப் பெயரைத் தேடி இன்றைக்கும் பழைய கப்பல் பட்டியல்களைப் புரட்டுகிற குடும்பங்கள் நம்முடையவை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்தவன் பெயர் அசிங்கமாகத் தெரியலாமா?

அப்புறம், அவர் மிரட்டவில்லை. வெயிலில் நின்று தான் எடுத்த படத்தைக் கேட்கிறார். இன்றைக்கே நீக்குங்கள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள். படத்தின் உரிமை பத்திரிகையிடம் இல்லாமல் அவரிடமே இருக்கலாம், அதனால் மறுபடி போட வேண்டுமானால் உரிமை யாரிடம் என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பக்கத்தை மூட வேண்டாம். வெறும் தகவலாக வரும் அன்றாடச் செய்திக்குப் பதிப்புரிமை கிடையாது, அதையும் அதே 12-ஆம் பிரிவுதான் சொல்கிறது. எந்தத் தெரு அடைப்பு, தேர் எத்தனை மணிக்கு, இதையெல்லாம் உங்கள் சொந்தத் தமிழில் நாலு வரி எழுதி, முழுச் செய்திக்கு லிங்க் கொடுங்கள். சோம்பேறித்தனம் பார்க்காதீர்கள்.

படத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். அடுத்த காவடிக்குப் பையன் கையில் போனைக் கொடுங்கள், அவனே எடுக்கட்டும். ஓரத்தில் அவன் பெயரைப் போடுங்கள். அதை எவனாவது வெட்டிப் போட்டால் பையன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.