கூடுதல் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளுக்காக விண்டோஸ் ஃபயர்வாலை அணைக்கலாமா?

கேள்வி: எந்தச் செயலி எவ்வளவு டேட்டா செலவழிக்கிறது என்று பார்ப்பதற்காக, ஓராண்டுச் சந்தா கட்டி ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினேன். அதிலிருந்து சில செயலிகளுக்கு இணைய இணைப்புக் கிடைப்பதில்லை. அது காட்டும் டேட்டா கணக்கும் விண்டோஸ் காட்டும் கணக்கும் ஒத்துப்போவதில்லை. விற்ற நிறுவனத்தாரோ விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிடச் சொல்கிறார்கள். அணைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு அணைக்க வேண்டாம். ஃபயர்வால் என்பது எந்த இணைப்பை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் காவல் அமைப்பு. கணக்கெடுக்கும் வேலையை இரண்டு மென்பொருள்கள் செய்தாலும் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. தடுக்கும் வேலையை இரண்டும் செய்யும்போதுதான் ஒன்று அனுமதித்ததை மற்றொன்று நிறுத்திவிடுகிறது. எனவே புதிய மென்பொருளில் தடுக்கும் வசதியை மட்டும் நிறுத்திவிட்டு, முடங்கிய செயலிகளைத் திறந்து பாருங்கள். அவை இயங்கினால், அதன் தடைப் பட்டியலில் அவற்றின் பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் அனுமதி கேட்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், பின்னணியில் ஓடும் செயலிக்கான கேள்வி கண்ணில் படாமலே போய், அது தடையாக முடிந்திருக்கக்கூடும்.

தடுப்பதையும் புதிய மென்பொருளே செய்யட்டும் என்று விரும்பினால், 'விண்டோஸ் செக்யூரிட்டி'யின் ஃபயர்வால் பக்கத்தில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முறையாகப் பதிவு செய்துகொள்ளும் ஃபயர்வால் அங்கே தென்படும். விண்டோஸும் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பெயர் இல்லையென்றால் அணைப்பது ஆபத்து. இவ்வகை மென்பொருள்களில் சில, சொந்தமாக எதையும் தடுக்காமல் விண்டோஸ் ஃபயர்வாலிலேயே விதிகளை எழுதிவைக்கின்றன. அதை அணைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தடுப்பும் சேர்ந்தே போய்விடும். விற்பனையாளர் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படியிருந்தாலும், ஃபயர்வாலின் பின்னணிச் சேவையை நிறுத்தவே கூடாது என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. நிறுத்தினால் ஸ்டார்ட் மெனுகூட வேலை செய்யாமல் போகலாம்.

கணக்கு வேறுபடுவதைப் பழுதென்று சொல்ல முடியாது. விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) வழியாகச் செல்லும் டேட்டா இருமுறை எண்ணப்படலாம். வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிய கோப்பின் அளவையும் ஒரு மென்பொருள் கணக்கில் சேர்க்கும், மற்றொன்று விட்டுவிடும். ஒரு ஜிகாபைட்டை 1000-இன் அடுக்காகக் கணக்கிடுவதற்கும் 1024-இன் அடுக்காகக் கணக்கிடுவதற்கும் இடையிலேயே சுமார் 7 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது.

உங்கள் தேவை டேட்டா கணக்கு மட்டும்தான் என்றால், விண்டோஸ் அமைப்புகளில் உள்ள டேட்டா பயன்பாட்டுப் பக்கமே செயலிவாரியாக அதைக் காட்டுகிறது. பணம் திரும்பப் பெறும் கெடு முடியவில்லையென்றால், தயங்காமல் எழுத்துமூலம் கேளுங்கள். மென்பொருளை நீக்கிக் கணினியை மறுபடி தொடக்கிய பிறகும் இணைப்பு வராவிட்டால், கடைசி வழியாக 'நெட்வொர்க் ரீசெட்' (நெட்வொர்க் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குத் திருப்புவது) செய்யலாம். ஆனால் அதன்பின் விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவ வேண்டியிருக்கலாம்.