கரடி எந்தக் கதவால் வரும்? வீட்டுக் கணினிப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகள்

குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கே: காசு கொடுத்து வாங்கியது ஒன்று, இலவசம் ஒன்று என இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறேன். இருந்தும் மகன் எதையாவது இறக்கி வைத்துவிடுகிறான். மூன்றாவது ஒன்று போடலாமா? (கோத்தகிரி வாசகர்)

மூன்றாவதும் வேண்டாம், இரண்டாவதும் வேண்டாம். ஒரு ஃபைலைத் திறக்கும்போது குறுக்கே புகுந்து சோதிப்பதுதான் ஆன்டிவைரஸின் வேலை. இரண்டு இருந்தால் ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுக்கும், கணினி நொண்டும். விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் கட்சி.

தீனி தேடி வீடு புகும் கரடியைப் பற்றிக் கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டு, எண்ணெய் டப்பா இருக்கும் சமையலறைக் கதவைத் தாழிடாமல் படுத்தால் அது எந்தக் கதவுக்கு வரும்? உங்கள் கணினியில் அந்தச் சமையலறைக் கதவு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. வாங்கிய அன்று உருவாக்கிய அந்த ஒரே கணக்கில்தான் பெரும்பாலான வீடுகளில் அப்பா பணம் அனுப்புகிறார், பிள்ளை விளையாட்டு இறக்குகிறான். திரையில் வரும் கேள்விக்கு ‘யெஸ்’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும், உள்ளே வந்த கேடான புரோகிராமுக்கு முழு அதிகாரமும் கிடைத்துவிடும்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் அன்றாட வேலைக்கென ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அப்புறம் கணினியின் அடிமடியில் கைவைக்கும் எதை நிறுவினாலும் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும். கிராக் செய்த விளையாட்டோடு பையன் உங்கள் முன்னால் வந்து நிற்பான். அப்போது நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சுக்கு எந்த ஆண்டுச் சந்தாவும் ஈடாகாது.

கே: 2016-ல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. நன்றாகவே ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா? (மஞ்சூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஓடுவது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு, சார். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. கூடுதல் அப்டேட் திட்டத்தில் பதிவு செய்யும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2016 லேப்டாப் தேறாது.

அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு நான் சொல்வது வான்னாக்ரை கதை. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ் அது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளி வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

உங்கள் வேலை இணையம் பார்ப்பதும் கடிதம் தட்டுவதும்தான் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், 4 ஜி.பி. நினைவகத்தில் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. ஒரு வாரம் தடுமாறுவீர்கள், பிறகு பழகிவிடும்.

கே: பச்சைத் தேயிலைக் கணக்கு முழுவதும் கணினியில்தான். ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அதை எப்போதும் கணினியிலேயே சொருகி வைத்திருக்கிறேன். சரிதானே? (கூடலூர் விவசாயி)

நகல் எடுப்பது சரி, சொருகியே வைத்திருப்பது தவறு. கணினியைப் பூட்டும் வைரஸ் அதில் சொருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். மின்னல் இழுத்தாலும் இரண்டும் ஒன்றாகப் போகும். வாரம் ஒருமுறை சொருகி, நகல் எடுத்து, கழற்றி விடுங்கள்.

கழற்றி எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊர் ஈரத்தின் வில்லங்கம். மர அலமாரியில், கம்பளிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்த என் சொந்த டிஸ்க், இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்தபோது சுற்றவே இல்லை. முனைகளில் பச்சை பூத்திருந்தது. மகளின் சிறுவயதுப் படங்கள் அதோடு போயின. இப்போது காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். டிஸ்கை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

இன்னொரு நகல் மலைக்குக் கீழே இருக்கட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். மண் சரிந்தால் வீட்டிலுள்ள இரண்டு டிஸ்கும் ஒரே கணக்கு. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவுக்காரர் வீட்டில் ஒன்றை வைத்து, போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். கூகுள் டிரைவும் ஆகும்; ஆனால் கணினியில் அழிந்தது அங்கேயும் அழிவதுபோல் இணைத்து வைத்திருந்தால், அதை நகல் என்று நம்ப வேண்டாம்.

கே: ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினருக்கு வீட்டு வைஃபையைக் கொடுக்கலாமா? அவர்களுடைய அடையாள அட்டை நகல்களும் எங்கள் கணினியில்தான் இருக்கின்றன.

சீசனில் வந்துபோகும் அத்தனை பேருடைய போனும் உங்கள் கணக்குக் கணினியும் ஒரே வலையில் இருக்க வேண்டாம். பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக உண்டு. அதன் பாஸ்வேர்டை வரவேற்பறையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, பெட்டி வந்த அன்று இருந்த ‘அட்மின்’ ஆகவே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவிகளை இணைக்க விடும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள்.

வைஃபையைவிட அந்த நகல்கள்தான் எனக்குக் கவலை. அவை ஊரார் சொத்து. ஆதார் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கேட்டு வாங்குங்கள். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தவற்றை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். மீதிக்கு டிஸ்க் என்கிரிப்ஷனை, அதாவது டிஸ்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதியைப் போடுங்கள். அப்போது வரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அந்த எண் இல்லாமல் என்னிடம் வந்து கண்கலங்கியவர்கள் உண்டு. என்னாலும் எதுவும் செய்ய முடியவில்லை.

கே: ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவ் கொடுத்து வாங்கினால், எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது. (கேத்தி, கல்லூரி மாணவி)

உன் ஃபைல்கள் பெரும்பாலும் போயிருக்காதும்மா, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டைத் தட்டாதே, தட்டினால்தான் வைரஸ் ஓடும். டிஃபெண்டரில் சோதித்துவிட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல். இனிமேல் கடைக்கென்று தனி பென் டிரைவ் வை, அதில் அச்சிட வேண்டிய ஃபைல் மட்டும் இருக்கட்டும்.

கே: மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மாற்றச் சொன்னால் பின்னால் 1, 2, 3 என்று சேர்ப்பதுதான் நடக்கிறது. நீளமாக, இடத்துக்கு ஒன்றாக வையுங்கள். நினைவில் நிற்காவிட்டால் நோட்டில் எழுதி பீரோவில் பூட்டுங்கள். திருடன் இணையம் வழியாக உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. மின்னஞ்சலுக்கு மட்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனில் வரும் எண் போல இன்னொன்றும் கேட்பது) கட்டாயம்.

கே: திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, கூடவே ஒரு போன் நம்பர். கூப்பிட்டேன். ஏதோ நிறுவச் சொல்லி, பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். பயந்து வைத்துவிட்டேன். (வெலிங்டன், தனியாக வசிக்கும் அம்மா)

வைத்தது நல்லது, அம்மா. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், நிறுவியதை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிப் பாஸ்வேர்டை மாற்றி, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். கணினியை ஒருமுறை யாரையாவது கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.