ரிப்போர்ட்டில் ‘பி53 பாசிட்டிவ்’: புரத மாவு வாங்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை பார்த்த என் அப்பாவுக்கு வயது 58. பல வருடங்களாகப் புகையிலை போடுவார். இப்போது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். ‘புற்றைத் தடுக்கும் புரதம் கெட்டுவிட்டது’ என்றார் டாக்டர். ரிப்போர்ட்டிலோ ‘பி53 பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. புரதம் இருக்கிறதா, இல்லையா? மருத்துவமனை வாசலில் பழக்கமான ஒருவர், இழந்த புரதத்தை மீட்கும் என்று 4,800 ரூபாய்க்கு ஒரு டப்பா மாவு கொடுத்தார். எனக்கும் தம்பிக்கும் மரபணுப் பரிசோதனை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். மாவில் உள்ள புரதத்துக்கும் டாக்டர் சொன்ன புரதத்துக்கும் பெயர்தான் ஒன்று. முட்டையோ மீனோ மாவோ, நாம் சாப்பிடும் புரதம் வயிற்றிலும் குடலிலும் துண்டு துண்டாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும். டாக்டர் சொன்ன புரதத்தின் பெயர்தான் பி53; அது வெளியிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன் மரபணுவில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தானே செய்துகொள்கிறது. அந்த எழுத்தில் பிழை வந்துவிட்டால், எத்தனை டப்பா கரைத்துக் குடித்தாலும் பிழையான புரதம்தான் உருவாகும். அப்பாவுக்குச் சத்தான சாப்பாடு வேண்டும்தான். ஆபரேஷன் புண் ஆற அது தேவை. காசிமேட்டு மீனை முள் நீக்கிக் குழைய வேகவைத்துக் கொடுங்கள். விழுங்க முடியாமல் எடை குறைந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றிருப்பீர்கள். பி53 பார்ப்பதும் அந்த கேட் கீப்பரின் வேலைதான். செல் இரண்டாகப் பிரியும் முன் மரபணுவில் சேதம் இருந்தால், பழுது பார்த்து முடியும்வரை கேட்டை மூடிவைக்கும். பழுது பார்க்கவே முடியாது என்றால் அந்தச் செல்லையே அழித்துவிடும். புகையிலை நச்சு வருடக்கணக்கில் கன்னத்தின் உள்தோலில் ஊறி, இந்தக் காவலின் மரபணுவையே சிதைக்கிறது. அதன்பிறகு பழுதான செல்கள் தடையில்லாமல் பெருகும், மேலும் மேலும் பிழைகள் சேரும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணு கெட்டிருக்கிறது.

பிறகு ஏன் ‘பாசிட்டிவ்’? நல்ல செல்லில் பி53 உருவான சில நிமிடங்களிலேயே அழிக்கப்பட்டுவிடும்; தேவைப்படும்போதுதான் நிலைத்து நிற்கும். கெட்ட பி53 பெரும்பாலும் அப்படி அழிவதில்லை, செல்லுக்குள் குவிகிறது. சாயம் ஏற்றிய ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால், நல்ல பகுதியில் நீல உட்கருக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசான பழுப்பு தெரியும். உங்கள் அப்பாவுடையது போன்ற கட்டியில் ஏறக்குறைய எல்லா உட்கருக்களும் அடர்ந்த பழுப்பாக இருக்கும். அதைத்தான் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுகிறோம். ஆக, புரதம் இருக்கிறது, வேலைக்கு ஆகாது. டாக்டர் சொன்னதும் சரி, ரிப்போர்ட்டும் சரி. 1979-இல் பி53-ஐக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளே புற்றை வளர்க்கும் புரதம் என்றுதான் நினைத்தார்கள். அது காவல் புரதம் என்பது 1989-இல்தான் விளங்கியது. அவர்களுக்கே பத்து ஆண்டு பிடித்த விஷயத்தை ஒரு ஆங்கிலச் சொல்லாக அச்சடித்து, விளக்க ஆளில்லாமல் குடும்பத்தின் கையில் கொடுத்தனுப்புகிறோம். ரிப்போர்ட்டின் கீழே தமிழில் இரண்டு வரி எழுதினால் வாசலில் நிற்பவருக்கு வியாபாரமே இருக்காது. இதைப் பல கூட்டங்களில் சொல்லிச் சலித்துவிட்டேன்.

உங்களுக்கும் தம்பிக்கும் மரபணுப் பரிசோதனை வேண்டாம். அப்பாவின் பிழை அவர் கன்னத்துச் செல்லில் வந்தது. பிள்ளைகளுக்குக் கடத்தும் விந்தணுவில் அல்ல.

பிறவியிலேயே பிழையோடு வருவதும் உண்டு; அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காவல் மரபணு ஒவ்வொன்றும் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என இரண்டு பிரதிகள். சிலர் ஒரு பிரதி கெட்டே பிறக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒன்றும் எங்காவது கெட்டால் காவல் போய்விடும். மார்பகப் புற்றையும் சினைப்பைப் புற்றையும் தடுக்கும் பிராக்கா 1, பிராக்கா 2 (BRCA1, BRCA2) என்ற மரபணுக்கள் இந்த வகை. குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மார்பகப் புற்று, எந்த வயதிலும் சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு இவை வந்திருப்பது ஆகியவை இருந்தால் பரிசோதனை அவசியம். அப்போதும் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் நோய் வந்தவர். அவரிடம் பிழை கண்டால் மட்டும், அந்த ஒரே பிழை இருக்கிறதா என்று மற்றவர்களுக்குப் பார்த்தால் போதும். நோயாளியை விட்டுவிட்டு ‘குடும்பம் முழுக்க ஒரே பேக்கேஜ்’ என்று விற்பவர் உங்கள் பயத்துக்குத்தான் விலை போடுகிறார். அத்தை, சித்தி, பாட்டி யாருக்காவது இப்படி இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றால் இந்தக் கவலையை விடுங்கள்.

பி53 முடிவு அப்பாவின் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. கன்னத்துப் புற்றுக்கு ஆபரேஷன், தேவைப்பட்டால் கதிர்வீச்சு. மாவு கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு மாதம் தள்ளினால் கட்டிதான் வளரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இலவசம், ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வாங்கித்தர ஆயிரம் ரூபாய் கேட்பவரை நம்பாதீர்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினால் பயாப்சி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நகம் அளவு சதை மெழுகில் பதிந்திருக்கும். அதை வாங்கத் தெரியாமல் அப்பாக்களை மறுபடி பயாப்சிக்குக் கூட்டிவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தம்பியும் மாவா (புகையிலை கலந்த பாக்கு), புகையிலை, பாக்கு போடுகிறவரா? அப்படியென்றால் இன்று ராத்திரியே கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் படலம், இரண்டு வாரம் ஆறாத புண், மூன்று விரல் சேர்த்து உள்ளே போகாத இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ ஸ்டான்லி மருத்துவமனைக்கோ காலையிலேயே போகட்டும்.