நாளைய உலகத்துக்கு என்ன ஆச்சு? வாசகர் கேள்வி பதில்

தீம் பார்க்குகளும் எதிர்காலமும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் எப்காட், முதலில் மனிதர்கள் குடியிருக்கும் நிஜ நகரமாகத்தான் திட்டமிடப்பட்டதாமே? அப்புறம் எப்படி அது டிக்கெட் வாங்கிக்கொண்டு போகும் பூங்கா ஆனது?

பதில்: ஆமாம், நகரம்தான். 1966 அக்டோபரில் வால்ட் டிஸ்னி பெரிய வரைபடங்களுக்கு முன்னால் நின்று அந்த ஊரை விளக்கிய படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 20,000 பேர் வாழும் வட்ட வடிவ ஊர். நடுவில் சுமார் 50 ஏக்கர் முழுக்க ஒரே கூரையின் கீழ், வெயில் மழை எதுவும் உள்ளே வராது. அதைச் சுற்றி அடுக்குமாடிகள், அப்புறம் புல்வெளி, அதற்கு வெளியே தனி வீடுகள். கார்களும் லாரிகளும் தரைக்கு அடியில் ஓடும், மேலே ஜனங்கள் நடப்பார்கள், வீட்டுப் பக்கத்திலிருந்து ஊர் நடுவுக்கு வர எங்கும் நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் சின்ன மின்வண்டிகள். அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் புதுக் கண்டுபிடிப்புகளை இந்த ஊரில்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும், அதனால் ஊர் எந்தக் காலத்திலும் கட்டி முடிந்ததாக இருக்காது, மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் அவர் திட்டத்தின் உயிர்நாடி.

படம் எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 15 அன்று வால்ட் இறந்துபோனார். 1967-ல் ஃப்ளோரிடா சட்டமன்றம், ஒரு நகராட்சிக்கு உள்ளது போன்ற அதிகாரங்களோடு டிஸ்னி கம்பெனியின் நிலத்துக்கென்று தனி மாவட்டமே அமைத்துக் கொடுத்தது. கட்டட விதி, சாலை, வடிகால் எல்லாம் அவர்கள் கையில். அதை வைத்துக்கொண்டு 1971-ல் மேஜிக் கிங்டம் பூங்காவும் ஹோட்டல்களும் வந்தன, நகரம் மட்டும் வரவில்லை.

வால்ட் இருந்திருந்தால் கட்டியிருப்பார் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு உறுதியில்லை, ஏனென்றால் திட்டத்துக்குள்ளேயே ஒரு முடிச்சு இருந்தது. அங்கே யாருக்கும் சொந்த நிலம் கிடையாது, எல்லோரும் வாடகைக்குத்தான், ஆகவே ஊரை நடத்துவதில் ஓட்டும் கிடையாது, வேலைக்குப் போகாதவர்களுக்கு இடமும் கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு குடும்பம் பத்து வருஷம் ஓர் ஊரில் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, அந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது என்றால் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்? மறுபக்கம், அவர்களுக்கு ஓட்டு கொடுத்தால் ஊர் கம்பெனியின் கையைவிட்டுப் போய்விடும். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான், வால்டுக்குப் பின் வந்தவர்கள் நகரத்தை விட்டுவிட்டுப் பூங்காவைக் கட்டினார்கள் என்று நினைக்கிறேன். 1982 அக்டோபர் 1-ல் திறந்த எப்காட்டில் ஒரு பாதி அறிவியலும் எதிர்காலமும், மறுபாதி உலக நாடுகளின் அரங்கங்கள். குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை.

கேள்வி: நகரம் போகட்டும். 1982-ல் திறந்த பூங்காவிலாவது எதிர்காலம் ஒழுங்காகக் காட்டப்பட்டதா?

பதில்: காட்டப்பட்டது, அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஆற்றல், போக்குவரத்து, விவசாயம், கற்பனை, அப்புறம் 1986-ல் கடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அரங்கம் வந்தது. எல்லாவற்றிலும் உச்சம் 1983-ல் மின்சாதனக் கம்பெனியான ஜெனரல் எலெக்ட்ரிக் ஆதரவில் திறந்த ஹொரைஸன்ஸ். அந்த ரைடைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இழந்தது என்ன என்று அதில்தான் நன்றாகப் புரியும்.

வண்டியில் ஏறியதும் முதலில் எதிர்காலம் வராது. முந்தைய தலைமுறைகள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதைத்தான் முதலில் காட்டினார்கள். அறிவியல் கதைகள் எழுதிய ஜூல்ஸ் வெர்ன் காலத்து நிலவுப் பயணத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு காலத்துக் கனவாக வரும், அதாவது "நாங்கள் சொல்லப்போவதும் தவறாகலாம்" என்று மரியாதையாக முன்கூட்டியே ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். பிறகு பாலைவனத்தை விளைநிலமாக்கிய ஒரு பண்ணை, கடலுக்கடியில் ஒரு குடியிருப்பு, விண்வெளியில் ஒரு குடியிருப்பு. பண்ணைக் காட்சியைக் கடக்கும்போது ஆரஞ்சுப் பழ வாசனை மூக்கில் அடிக்கும். அங்கெல்லாம் இருந்தவர்கள் ஒரே குடும்பத்தின் உறவுகள். ஒருவர் பண்ணையைக் கவனிக்கிறார், விண்வெளியில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் நடக்கிறது, தூரத்தில் இருப்பவர்கள் திரையில் வந்து வாழ்த்துகிறார்கள். கடைசியில் வண்டியில் இருப்பவர்கள் ஒரு பொத்தானை அமுக்கி, எந்த வழியில் வீடு திரும்பலாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பாலைவனமா, கடலா, விண்வெளியா. எதை அமுக்குகிறீர்களோ அந்தப் படம் ஓடும்.

எத்தனை சுலபமான யோசனை பாருங்கள்! எதிர்காலம் என்பது உங்கள் தலையில் வந்து விழுவதல்ல, உங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க ஒரு பொத்தான் போதுமாக இருந்தது. 1993-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆதரவு முடிந்தது, 1999 ஜனவரியில் ரைடு மூடப்பட்டது, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2003-ல் வந்தது, செவ்வாய்க்கு ராக்கெட்டில் போவதுபோல உடம்பைச் சுழற்றி அழுத்தும் ரைடு. நல்ல பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் இறங்கி வருபவர்கள் தலைசுற்றலைப் பற்றித்தான் பேசுவார்கள், செவ்வாயில் யார் வாழ்வார்கள், எப்படி வாழ்வார்கள் என்று பேசமாட்டார்கள்.

கேள்வி: எதிர்காலத்தைக் கான்கிரீட்டில் கட்டினால் சீக்கிரம் பழசாகத்தானே செய்யும்? இதில் யாரைக் குறை சொல்வது?

பதில்: நியாயமான கேள்வி. கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டின் டுமாரோலாண்ட் பகுதி 1955-ல் திறந்தபோது அது காட்ட வேண்டிய வருஷம் 1986. அங்கே நிலவுக்குப் போகும் ராக்கெட் ரைடு ஒன்று இருந்தது. 1967-ல் புதுப்பித்துத் திறந்தார்கள், இரண்டே வருஷத்தில் மனிதர்கள் நிஜமாகவே நிலவில் இறங்கிவிட்டார்கள். 1975-ல் அதே அரங்கத்தைச் செவ்வாய்ப் பயணமாக மாற்றினார்கள், 1992-ல் அதையும் மூடினார்கள், 1998-ல் அங்கே பீட்ஸா கடை வந்தது. நிலவு, செவ்வாய், பீட்ஸா. இந்த மூன்றை வரிசையாகச் சொன்னாலே எனக்கு மனசு கனக்கிறது.

இன்னொரு உதாரணம், 1957-ல் மான்சான்டோ என்ற ரசாயனக் கம்பெனி அங்கே கட்டிய பிளாஸ்டிக் வீடு. மைக்ரோவேவ் அடுப்பு ஒரு சமையலறையில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று பெரும்பாலான ஜனங்கள் கேள்விப்படாத காலத்திலேயே அந்த வீடு காட்டியது. பத்து வருஷத்தில் அதன் கவர்ச்சி போய்விட்டது, 1967-ல் இடிக்கப் போனார்கள். இரும்பு உருண்டையால் அடித்தால் உருண்டை எகிறித் திரும்பி வந்தது, ஒரு நாளில் முடிக்க நினைத்த வேலை இரண்டு வாரம் இழுத்தது.

ஆக, பழசாவது உண்மைதான். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துக்கொள்ள நான் தயாரில்லை. பழசாகும் என்பது வால்டுக்கே தெரியும், மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதே அதனால்தான். மாற்றுவதற்குப் பணமும் ஆட்களும் தொடர்ந்து தேவை, புது ரைடு திறந்தால் விளம்பரம் செய்யலாம், இருக்கும் ரைடில் இரண்டு காட்சியைத் திருத்தினால் யாருக்கும் தெரியாது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, இப்போது ஃப்ளோரிடாவில் ஓடும், இயந்திரப் பொம்மைகள் நடிக்கும் கரௌசல் ஆஃப் ப்ராக்ரஸ் நாடகத்தின் கடைசிக் காட்சி "இன்றைய வீடு" என்று பேர், அது 1990-களில் எழுதியது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இது தொழில்நுட்பத்தின் குற்றம் இல்லை, பராமரிப்பில் அக்கறை போனதன் குற்றம்.

கேள்வி: பாரிஸ் டிஸ்னிலாண்டில் பழங்காலத்துக் கற்பனை எதிர்காலத்தைக் காட்டுகிறார்களே, அது நல்ல தீர்வுதானே?

பதில்: பார்க்க மிக அழகு. 1992-ல் அங்கே ஜூல்ஸ் வெர்ன், ஹெச்.ஜி.வெல்ஸ் கண்ட கனவுகளைப் பித்தளை நிறத்தில் கட்டினார்கள், அது ஒருநாளும் பழசாகாது, ஏற்கெனவே பழசு. ஆனால் வரப்போவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: இப்போது எப்காட்டில் சினிமாப் பாத்திரங்கள்தான் நிறைய. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதே, அதில் உங்களுக்கு என்ன பிரச்னை?

பதில்: பிள்ளைகள் சந்தோஷப்படுவதில் எனக்கு ஒரு பிரச்னையும் இல்லை. கடல் அரங்கத்தில் நீமோ மீன் வந்ததால் அங்கே கூட்டம் கூடியிருக்கிறது, பெரிய மீன் தொட்டியும் அப்படியே இருக்கிறது, சரி. ஆற்றல் அரங்கம்தான் எனக்கு உறுத்துகிறது. எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி ஆதரவில் நடந்த அரங்கம் அது, ஆனாலும் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பரப்பி, கீழே ஓடும் வண்டிகளுக்கு மின்சாரத்தில் ஒரு பங்கை அதிலிருந்து எடுத்தார்கள். 1982-ல்! ஓர் எண்ணெய்க் கம்பெனி சொல்லும் கதையை அப்படியே நம்ப முடியாதுதான். ஸ்பான்சர் கொடுத்த பணத்துக்கு ஏற்ப அந்தக் காலத்து அரங்கங்கள் எல்லாமே கொஞ்சம் வளைந்திருந்தன, கார் கம்பெனி போக்குவரத்தைப் பற்றிப் பேசினால் காரில்தான் கதை முடியும். இருந்தாலும் வாதம் என்று ஒன்று இருந்தது, வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவும் மகளும் அதை மறுத்துப் பேசலாம். 2017-ல் அதை மூடி, அந்தக் கட்டடத்தோடு சேர்த்து 2022-ல் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி என்ற சினிமாவை வைத்து ஒரு ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். உலகமே மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அதைப் பற்றிப் பேச இருந்த ஒரே அரங்கத்தை எடுத்துவிட்டார்கள்.

பணக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், கம்பெனியிடம் தன் சொந்தப் பாத்திரங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ரைடும் விற்கும், பொம்மையும் விற்கும். எதிர்காலத்துக்கு எந்தப் பொம்மையை விற்பது? 2021-ல் ஃப்யூச்சர் வேர்ல்ட் என்ற பெயரையும் எடுத்துவிட்டு, அந்தப் பகுதியை மூன்றாகப் பிரித்து வேறு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: டிஸ்னி பின்னாளில் ஒரு ஊரையே கட்டியதாகக் கேள்விப்பட்டேன். அது வால்டின் நகரமா?

பதில்: செலிப்ரேஷன் என்ற ஊர், எப்காட்டுக்குக் கொஞ்ச தூரத்தில்தான், 1996-ல் ஜனங்கள் குடிபோனார்கள். அது வால்டின் நகரம் இல்லை. முன்திண்ணை வைத்த, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்கச் சிற்றூர் வீடுகளின் பாணியில் கட்டிய ஊர் அது. வசிக்க நல்ல ஊராக இருக்கலாம். ஆனால் அதே கம்பெனி 30 வருஷம் கழித்து ஒரு வழியாக ஊர் கட்டும்போது, பின்னால் திரும்பிப் பார்த்துக் கட்டியது என்பது நிறையச் சொல்கிறது.

கேள்வி: குடும்பத்தோடு அங்கே போகிறோம், இரண்டு நாள் இருக்கிறது. அந்தப் பழைய கனவு மிச்சம் இருக்கும் இடம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, அதுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் எப்காட்டில் தி லேண்ட் அரங்கத்துப் படகில் ஏறுங்கள். படகு நிஜமான பசுமைக்குடில்களுக்குள் போகும், மண்ணே இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் வேர்களுக்குத் தண்ணீரும் சத்தும் தெளித்துச் செடி வளர்ப்பதைப் பார்ப்பீர்கள், மீன் வளர்க்கும் தொட்டிகளும் உண்டு, விளைவதில் ஒரு பகுதி பூங்காவின் உணவகங்களுக்குப் போகிறது. 1982-லிருந்து ஓடும் இது ஏன் பழசாகவில்லை என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான், அங்கே யாரும் ஆரூடம் சொல்லவில்லை, இன்றைக்கு நடக்கும் வேலையைக் காட்டுகிறார்கள், விதை மாறும், முறை மாறும், அதோடு காட்சியும் தானாக மாறிவிடும். தனிக் கட்டணம் கட்டினால் வழிகாட்டியோடு பசுமைக்குடிலுக்குள் நடந்தும் போய்ப் பார்க்கலாம், பிள்ளைகள் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்திலேயே பெரிய உருண்டைக்குள் இருக்கும் ஸ்பேஸ்ஷிப் எர்த். குகை ஓவியத்திலிருந்து கணினி வரை மனிதன் செய்தி சொல்லக் கற்றுக்கொண்ட கதை, மேலே போகும் வரை அபாரம். இறங்கும்போது 2008 வாக்கில் வைத்த தொடுதிரையில் நாலைந்து கேள்விக்குப் பதில் அமுக்கினால் உங்கள் முகத்தையே ஒட்டிய கார்ட்டூன் ஒன்று எதிர்காலம் என்று ஓடும், பிள்ளைகள் சிரிப்பார்கள், விஷயம் ஒன்றும் இருக்காது.

இரண்டாம் நாள் மேஜிக் கிங்டமில், டுமாரோலாண்டின் பீப்பிள்மூவரில் ஏறுங்கள். 1975-லிருந்து ஓடுகிறது, வால்ட் தன் நகரத்துக்கு நினைத்த அதே வண்டி, ஹூஸ்டன் விமான நிலையத்தின் நிலத்தடியிலும் இதே நுட்பம்தான் பயணிகளைச் சுமக்கிறது. வழியில் ஓரிடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த நகரத்தின் மாதிரி வடிவத்தில் ஒரு துண்டு தெரியும். சில நொடிதான், கண்ணை எடுக்காமல் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் இன்னொரு சுற்றுப் போங்கள், வரிசை பெரும்பாலும் சீக்கிரம் நகர்ந்துவிடும்.